யார் சொல்வது சான்று? குடும்ப சிகிச்சை ஆய்வுகளைக் கரிசலிலிருந்து வாசித்தல்

கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரைத் தனித்தனி நோயாளிகளாகப் பார்க்காமல், அவர்களுக்கு இடையே உள்ள உறவையே சிகிச்சைக்கு உரியதாக எடுத்துக்கொள்ளும் முறை குடும்ப சிகிச்சை எனப்படும். கணவன் மனைவி இருவரோடு மட்டும் நடப்பது தம்பதியர் சிகிச்சை. 1950களில் உருப்பெற்ற இந்தத் துறையைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் அறிவுரைகள்தான். விட்டுக்கொடுங்கள், மனம்விட்டுப் பேசுங்கள், கோபத்தில் முடிவெடுக்காதீர்கள் என்று அவை சொல்லும். இந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்பது எப்படித் தெரியும், அதைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி அவற்றில் அரிதாகவே வரும். இக்கட்டுரை அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, கோவில்பட்டியையும் அதைச் சுற்றிய கரிசல் காட்டையும் நிலைக்களனாக வைத்துப் பேசுகிறது.

இந்த நிலத்தைத் தேர்ந்துகொள்ளக் காரணம் உண்டு. கரிசலில் விவசாயியைச் ‘சம்சாரி’ என்றுதான் சொல்வார்கள். குடும்பம் உடையவன், வெள்ளாமை செய்பவன் என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. மானாவாரிப் புஞ்சையில் மழை பொய்த்த வருஷம் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதை இந்தச் சொல் அறியும். குடும்பத்தை நான்கு சுவருக்குள் இருக்கும் உறவுகளின் தொகுதியாக வரையறுத்த ஆய்வு நூல்கள் அதை அறியவில்லை. இன்னொரு காரணம் இலக்கியம். இடைசெவல் என்ற ஒரே ஊரில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும், அடுத்து வந்த பூமணியும் சோ. தருமனும் கரிசல் குடும்பங்களைப் பற்றி எழுதிவைத்திருப்பது, எந்த வினாநிரலாலும் திரட்ட முடியாத அளவுக்குப் பெரிய பதிவு. அதைச் சான்று என்று கொள்ளலாமா என்பதும் இங்கே கேட்கவேண்டிய கேள்விதான்.

‘கவுன்சலிங்’ என்ற சொல்லின் பொருள்

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கணவன் மனைவிக்குள் பிரச்சினை முற்றினால் அது முதலில் உறவுக்காரர்களிடம் போகும். பிறகு ஊர்ப் பெரியவர்கள். அவர்களாலும் ஆகாதபோது மகளிர் காவல் நிலையம், அதற்குப் பின் நீதிமன்றம். மனநல மருத்துவர் இந்த வரிசையில் கடைசியில் இருப்பார், அல்லது இருக்கவே மாட்டார். தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் திறக்கப்பட்டது. அதன் பிறகு மாநிலமெங்கும் பரவிய இந்த நிலையங்கள் வழியாகத்தான் ‘கவுன்சலிங்’ என்ற சொல் கிராமத்துக்குள் வந்தது. எனவே அந்தச் சொல்லுக்கு ஊரில் வழங்கும் பொருள் ‘சேர்த்து வைப்பது’. “கவுன்சலிங் குடுத்து அனுப்பிட்டாங்க” என்றால் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பொருள்.

இதில் மக்களின் அறியாமை ஒன்றும் இல்லை. சட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, விவாகரத்து வழக்கில் தீர்ப்புக்கு முன் இருவரையும் இணக்கப்படுத்த முயலவேண்டும் என்று நீதிமன்றத்துக்குக் கடமை விதிக்கிறது. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டமும் சமரச முயற்சியை நீதிபதியின் கடமையாக்கி, ஆலோசகர்களை நியமிக்க வழிசெய்கிறது. ஆகவே வெற்றி என்றால் இன்னது என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது. சேர்ந்தால் வெற்றி, பிரிந்தால் தோல்வி. முடிவை இப்படி முதலிலேயே தீர்மானித்துவிட்டு, பிறகு எத்தனை தம்பதிகள் சேர்ந்தார்கள் என்று எண்ணினால் அந்த எண்ணிக்கை சிகிச்சையின் பலனைக் காட்டாது. திரும்பிப் போக மறுக்கும் வலு எத்தனை பெண்களுக்கு இல்லை என்பதையும் அதே எண்ணிக்கை காட்டக்கூடும். இரண்டையும் பிரித்தறிய அதில் வழியில்லை.

தாயைக் குற்றம்சாட்டிய காலம்

குடும்ப சிகிச்சையின் தொடக்கமே சான்றைப் பற்றிய ஓர் எச்சரிக்கைக் கதை. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பைக் காரணம் காட்டினார். 1956இல் கிரெகரி பேட்சனும் அவருடைய கூட்டாளிகளும் ‘இரட்டைப் பிணை’ என்ற கருத்தை முன்வைத்தனர். வாயால் அணைத்து உடம்பால் விலக்கும் தாயின் முரண்பட்ட செய்திகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் பிள்ளை நோயாளியாகிறான் என்பது அதன் சாரம். எண்ணம் அபாரமானதுதான். ஆனால் நோயில்லாத பிள்ளைகளின் வீட்டில் தாய்மார் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்து ஒப்பிடாமலே அது பரவியது. ஒரு தலைமுறைத் தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தனர்.

ஒப்பீடு பிறகுதான் வந்தது. ஜார்ஜ் பிரவுனும் உடன் ஆய்வாளர்களும் லண்டனில் செய்து 1972இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சிதைவு நோயாளியின் உறவினரோடு நீண்ட நேர்காணல் நடத்தினார்கள். அதில் குறைசொல்லும் பேச்சுகளை எண்ணினார்கள். சொல்லை மட்டும் பார்க்காமல் குரலின் தொனியையும் கணக்கில் கொண்டார்கள். உறவினரின் குறைகூறலும் பகையும் அளவுமீறிய தலையீடும் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் ஒன்பது மாதத்துக்குள் 58 விழுக்காட்டினருக்கு நோய் மறுபடி வந்தது. அப்படியில்லாத வீடுகளில் 16 விழுக்காட்டினருக்கு மட்டுமே. இங்கே யாரும் நோயை உண்டாக்கியதாகச் சொல்லப்படவில்லை. நோய் திரும்புவதற்கும் வீட்டுச் சூழலுக்கும் உள்ள தொடர்பு மட்டும் அளக்கப்பட்டது. பேட்சனின் கருத்தைவிடச் சிறிய கருத்து இது. ஆனால் பொய்யென்று நிரூபிக்கப்படக்கூடிய கருத்து. அதனாலேயே அது நின்றது.

இந்த அளவுகோல் 1980களில் சண்டிகருக்கு வந்தது. என். என். விக், ஜூலியன் லெஃப் ஆகியோரின் குழு, லண்டனில் பயிற்சி பெற்றுச் சோதிக்கப்பட்ட மதிப்பீட்டு முறையை அங்குள்ள குடும்பங்களில் பயன்படுத்தியது. அத்தகைய உணர்ச்சிக் கொந்தளிப்பு மிகுந்த வீடுகள் லண்டனைவிடச் சண்டிகரில் மிகக் குறைவாக இருந்தன. கிராமத்தில் இன்னும் குறைவு. தொடர் ஆய்வில் நோய் திரும்புவதோடு தெளிவாகத் தொடர்புகொண்டது பகைமை என்ற ஒரு கூறுதான். இந்திய மாநாடுகளில் இந்த முடிவைக் கூட்டுக்குடும்பத்தின் பெருமைக்குச் சான்றாக மேற்கோள் காட்டுவது வழக்கம். அவசரமான வாசிப்பு அது. அந்நியர் வந்து கேட்கும்போது வீட்டு விஷயத்தை வெளியே விடாத பழக்கமும் அதே எண்களைத் தரக்கூடும். கரிசலில் “ஏ மூதி” என்று மகனை அழைக்கும் தாயின் குரலில் எத்தனை விழுக்காடு வசவு, எத்தனை விழுக்காடு வாஞ்சை என்று சொல்ல அந்தப் பேச்சுக்குள் பிறந்த காது வேண்டும். சண்டிகர் ஆய்வாளர்கள் இதை உணர்ந்தே, சொந்த மொழி பேசும் மதிப்பீட்டாளர்களைப் பயிற்றுவித்தார்கள் என்பதையும் சொல்லியாகவேண்டும். அப்படி ஓர் உழைப்பு கரிசல் பேச்சுக்கு இன்னும் தேவைப்படுகிறது.

இரண்டு கை தட்டினால்தான் ஓசையா?

குடும்ப சிகிச்சைக் கோட்பாட்டின் மையத்தில் இருப்பது சுழல் காரணம் என்ற எண்ணம். அவன் குடிப்பதால் அவள் சண்டை போடுகிறாள், அவள் சண்டை போடுவதால் அவன் குடிக்கிறான். எது முதல் என்று கேட்கக் கூடாது. சிகிச்சையாளர் யார் பக்கமும் சாயக் கூடாது. தமிழ்நாட்டில் இந்தக் கோட்பாட்டை யாரும் கற்பிக்கவே வேண்டியதில்லை. “இரண்டு கை தட்டினால்தான் ஓசை” என்று பஞ்சாயத்தில் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதை உள்ளிருந்தே உடைத்தவர்கள் பெண்ணிய ஆய்வாளர்கள். ‘ஃபேமிலி ப்ராசஸ்’ இதழில் 1978இல் ரேச்சல் ஹேர்-மஸ்டினும் 1985இல் வர்ஜீனியா கோல்ட்னரும் எழுதிய கட்டுரைகள், சமமில்லாத இருவருக்கு நடுவில் சாயாமல் நிற்பது வலுத்தவன் பக்கம் நிற்பதே என்று வாதிட்டன. இந்தத் துறையில் மிகவும் முக்கியமான விமர்சனம் இதுதான் என்று கருதுகிறேன். ஆனால் அதற்கு நேர்ந்தது வேறு. 1988இல் ஹார்லின் ஆண்டர்சனும் ஹாரி கூலிஷியனும் குடும்பச் சிக்கல் என்பதே பேச்சில் கட்டப்படுவது என்றனர். உண்மை ஒன்றில்லை, கதைகள் பல என்ற போக்கு வலுப்பெற்றது. சிகிச்சையாளரின் மேதாவித்தனத்தைக் குறைத்தது இதன் நல்ல பக்கம். அளப்பதற்கு எதுவுமில்லை, எனவே யாரும் எங்களிடம் கணக்குக் கேட்க முடியாது என்ற சௌகரியத்தைத் தந்தது மறுபக்கம். ஒடிந்த கை இரண்டு கதைகளில் ஒன்றல்ல. அதற்கு எக்ஸ்ரே உண்டு.

நம் சட்டம் இதில் கோட்பாட்டாளர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்கு 2006இல் வகுக்கப்பட்ட விதிகளில் 14ஆம் விதி, ஆலோசனையின்போது எதிர்மனுதாரர் தன் வன்முறைக்கு நியாயம் கற்பிக்கக் கூடாது என்றும், மீண்டும் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியைத் தரவேண்டும் என்றும் சொல்கிறது. ஓசைக்கு ஒரு கைதான் பொறுப்பு என்று வைத்துக்கொண்டு தொடங்கு என்பதுதான் அதன் பொருள். இந்த விதியைத் தமிழில் அச்சிட்டு ஆலோசனை அறைகளின் சுவரில் மாட்டலாம்.

விலக்கப்பட்டவர்கள்

தம்பதியர் சிகிச்சைக்கு இன்று மிகவும் மேற்கோள் காட்டப்படும் சான்று, நீல் ஜேக்கப்சனும் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களில் நடத்திய சோதனை. நெடுங்காலமாகக் கடும் பிணக்கில் இருந்த 134 தம்பதியரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரண்டு விதமான சிகிச்சை அளித்தார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது ஏறத்தாழப் பாதித் தம்பதியர் தேறியிருந்தனர். நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிரிந்திருந்தனர். இரண்டு முறைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நேர்மையாகச் செய்யப்பட்ட, நேர்மையாக அறிவிக்கப்பட்ட ஆய்வு. தோல்வியையும் மறைக்காமல் சொன்ன ஆய்வு.

அந்த ஆய்வில் யார் சேர்க்கப்படவில்லை என்பதையும் படிக்கவேண்டும். மனைவியை மிதமாகவோ கடுமையாகவோ அடிக்கும் கணவன் இருந்தால் அந்தத் தம்பதி விலக்கப்பட்டது. இது சரியான முடிவு. அடிப்பவனையும் அடிபடுபவளையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசச்சொன்னால், வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பேச்சுக்கு விலை கொடுப்பவள் அவள்தான். ஆனால் விலக்கியதன் விளைவு ஒன்று உண்டு. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகத் தெரிவித்தனர். காவல் நிலையப் படியேறும் பெண்களை மட்டும் எண்ணினால் இந்த விழுக்காடு எவ்வளவு உயரும் என்று சொல்லவேண்டியதில்லை. அதாவது, ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்ட முறை’ என்ற முத்திரையோடு வரும் பயிற்சிகள் எந்தத் தம்பதியரிடம் சோதிக்கப்படவில்லையோ, அதே தம்பதியர்தான் இங்கே ஆலோசகரின் முன் வந்து உட்காருகிறார்கள். மருந்துச் சோதனையில் சிறுநீரக நோயாளிகளை விலக்கிவிட்டு, அதே மருந்தைச் சிறுநீரக வார்டில் கொடுப்பது போன்ற செயல் இது.

இந்தியாவிலேயே செய்யப்பட்ட ஒரு ஜோடி ஆய்வு இந்த இடத்தில் துணைக்கு வருகிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உளவியல் பட்டம் இல்லாத, உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களைக் கொண்டு நடந்த இரண்டு குலுக்கல் சோதனைகளின் முடிவுகள் 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. முதலாவது, தீங்கு தரும் அளவுக்குக் குடிக்கும் ஆண்களுக்கானது. மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 26 விழுக்காட்டினரும் அந்த நிலையிலிருந்து மீண்டிருந்தனர். ஆனால் மனைவி மீதான வன்முறையில் மாற்றம் தெரியவில்லை. இரண்டாவது, கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கானது. அதில் ஆலோசனை பெற்ற பெண்கள், பெறாத பெண்களைவிடக் கணவனின் அடி குறைந்திருப்பதாகச் சொன்னார்கள்.

குடியை நிறுத்தினால் அடி நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால்தான் மாற்றம் வரும் என்பது குடும்ப சிகிச்சையின் நம்பிக்கை. இந்த இரண்டு எண்களும் இரண்டு நம்பிக்கைகளையும் இடறுகின்றன. வன்முறை இந்த ஆய்வுகளின் முதன்மைக் கேள்வி அல்ல, பெண்கள் சொன்னதே பதிவானது, காலமும் குறைவு. ஆகவே இதை வைத்து மாளிகை கட்ட முடியாது. ஆனாலும் தனியாக வந்த ஒரு பெண்ணிடம் “வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாங்கம்மா” என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு முன் ஓர் ஆலோசகர் யோசிக்க இது போதும்.

பிறந்த வீட்டுக்குப் போவது

கிரஹாம் ஸ்பேனியர் 1976இல் வெளியிட்ட, 32 கேள்விகள் கொண்ட தம்பதியர் இணக்க அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. சண்டைக்குப் பிறகு நீங்களோ துணைவரோ வீட்டைவிட்டு வெளியேறுவது எத்தனை முறை நடக்கிறது என்று அதில் ஒரு கேள்வி உண்டு. அடிக்கடி என்றால் இணக்கம் குறைவு. கரிசலில் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவது ஒரு பேச்சுவார்த்தை முறை. அவள் போவாள். அண்ணன்மார் நாலு வார்த்தை பேசுவார்கள். மாமனார் வந்து அழைப்பார். நிபந்தனைகள் பேசப்படும். சீர் கொடுத்து அனுப்புவார்கள். போக முடிகிறவளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது. போகாதவளுக்குப் போக இடமில்லாமலும் இருக்கலாம். அந்த அளவுகோலில் முன்னவள் குறைந்த மதிப்பெண் பெறுவாள், பின்னவள் கூடுதல் பெறுவாள்.

பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த அனிஷா ஷா 1995இல் இந்தியத் தம்பதியருக்கென்றே மணவாழ்வுத் தர அளவுகோல் ஒன்றை உருவாக்கியது இப்படிப்பட்ட சிக்கல்களுக்குப் பதிலாகத்தான். அதற்கும் முன்பே, 1981இல் ஷைலா பையும் ஆர். எல். கபூரும், மனநோயாளியால் குடும்பத்துக்கு ஏற்படும் சுமையை அளக்க ஒரு வினாநிரலை வகுத்தார்கள். வருமானம் எவ்வளவு குறைந்தது, யாருடைய வேலை கெட்டது, அண்டை அயலாரோடு உறவு எப்படி ஆயிற்று என்று அது கேட்கும். எண்ணிப் பார்த்தால் சம்சாரி என்ற சொல்லுக்கு மிக அருகில் வரும் அளவுகோல் இதுதான்.

நாச்சியாரம்மாவைப் பற்றி இரண்டு சாட்சிகள்

கி. ராஜநாராயணனின் ‘கன்னிமை’ சிறுகதையை இந்தத் துறையில் இருப்பவர்கள் அவசியம் படிக்கவேண்டும். நாச்சியாரம்மா என்ற பெண் திருமணத்துக்கு முன் கொடுக்கும் கை உடையவள். வேலைக்காரர்களுக்கும் வந்தவர்களுக்கும் வாரி வழங்குகிறவள். திருமணத்துக்குப் பின் அவளே எண்ணி எண்ணிக் கொடுக்கிறவளாக ஆகிவிடுகிறாள். கதையின் முற்பகுதியைச் சொல்பவன் அவளுக்குச் சகோதரன் முறையானவன். பிற்பகுதியைச் சொல்பவன் அவளுடைய கணவன். அவள் தன் கதையைச் சொல்வதே இல்லை.

பெரும்பாலான வாசகர்கள் இதை ஒரு மாற்றத்தின் கதையாகப் படிக்கிறார்கள். ஓர் அருமை மணவாழ்வில் தொலைந்துபோன சோகமாகப் படிக்கிறார்கள். ஆய்வுக் கண்ணோடு படித்தால் முதலில் தட்டுப்படுவது வேறு. சிகிச்சைக்கு முந்திய மதிப்பீட்டை ஒருவரும் பிந்திய மதிப்பீட்டை இன்னொருவரும் செய்தால் எந்த ஆய்விதழும் அதை ஏற்காது. மாறியது அளக்கப்பட்டவளா, அளந்தவனா என்று சொல்ல முடியாது. சகோதரன் கண்ட கொடை தகப்பன் வீட்டுக் களஞ்சியத்திலிருந்து வந்தது. அது தீர்ந்தால் அதை நிரப்ப அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். கணவன் கண்ட இறுக்கம், பிள்ளைகளை வைத்துக்கொண்டு தன் பொறுப்பில் ஒரு குடித்தனத்தைக் கரையேற்றுகிறவளின் இறுக்கம். இரண்டு இடத்திலும் இருந்தவள் ஒரே கணக்குக்காரியாகவே இருந்திருக்கலாம். வீடுதான் வேறு.

தலைப்பு ஒரு காரணத்தை முன்வைக்கிறது. கன்னிமை கழிந்தது, அதோடு அந்த ஈகையும் போயிற்று என்பது அந்தக் காரணம். இது இரண்டு ஆண்களின் கருதுகோள். கதை அதைவிடப் பெரியது என்பது என் கணிப்பு. வேறு விளக்கங்களுக்கான தடயங்களை இரண்டு சாட்சிகளும் தங்களை அறியாமலே விட்டுச்செல்லும்படி கி.ரா. எழுதியிருக்கிறார். ஒரே குடும்பத்தைப் பற்றி இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போனால்கூட அது உண்மையாகிவிடாது, இருவரும் நிற்கும் இடம் ஒன்றாக இருந்தால் ஒத்துத்தான் போகும் என்பதை இந்தக் கதை காட்டுவதுபோல் எந்த ஆய்வுமுறைப் பாடநூலும் காட்டி நான் படித்ததில்லை.

அப்படியானால் இலக்கியமே சான்றா? இல்லை. கரிசலில் எத்தனை நாச்சியாரம்மாக்கள் என்று கதை சொல்லாது. எந்த ஆலோசனை அவளுக்கு உதவும் என்றும் சொல்லாது. எந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பதைச் சொல்லும். பூமணியின் ‘வெக்கை’யில் பதினைந்து வயதுப் பையன் ஒரு கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். அந்தக் குடும்பத்தைச் சிகிச்சை அறையில் உட்காரவைத்தால் பையனின் ஆத்திரமும் தகப்பனின் மௌனமும் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதலாம். அவர்களுடைய துண்டு நிலமும் அதன்மேல் கண்வைத்தவனும் அந்தக் குறிப்பில் வராமலே போகலாம்.

மழைக்குப் போகவேண்டிய பெருமை

இதுவரை சொன்னதை வைத்து, குலுக்கல் சோதனையும் எண்களும் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு அனுபவ அறிவே போதும் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. கரிசல் நிலம் அதற்கு நேர்மாறான வாதத்தைத்தான் தருகிறது.

ஆவணி, புரட்டாசியில் விதைப்புக்குக் கடன் வாங்கியாகவேண்டும். நகை அடகுக்குப் போகும். மனைவியின் நகையாகவே பெரும்பாலும் இருக்கும். மழை வருமா வராதா என்று தெரியாது. குச்சி அடுக்கியும் தீப்பெட்டி ஒட்டியும் வரும் கூலிதான் அடுப்பெரிக்கும். அந்த மாதங்களில் ஒரு தம்பதி சண்டை முற்றி ஆலோசனைக்கு வருகிறது என்று கொள்வோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்கிறது. தையில் உளுந்தும் பாசியும் வீடு சேர்ந்துவிட்டன. மாசியில் ஆலோசகர் தொடர் விசாரணை செய்கிறார். சண்டை குறைந்திருக்கிறது. சிகிச்சை வெற்றி என்று எழுதுகிறார். மழைக்குப் போகவேண்டிய பெருமை ஆலோசகருக்குப் போகிறது. மழை பொய்த்த வருஷம் நல்ல ஆலோசகரும் தோற்றவராகப் பதிவாவார்.

மழை இல்லாத ஊரிலும் இது நடக்கும். மனிதர்கள் நிலைமை மிக மோசமான நாளில்தான் உதவி தேடி வருகிறார்கள். அதற்குப் பிறகு எதுவும் செய்யாவிட்டாலும் சற்று மேலாகத்தான் தோன்றும். ஆகவே சிகிச்சை பெறாத, அல்லது வேறு சிகிச்சை பெற்ற, அதே ஊரைச் சேர்ந்த, அதே பருவத்தைக் கடந்த இன்னொரு குழு இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. சம்சாரிக்கு இதை விளக்கவேண்டிய தேவை இல்லை. புது விதை நல்லதா என்று பார்க்க அவர் ஒரே புஞ்சையில் ஒரு துண்டில் அதையும் பக்கத்துத் துண்டில் பழைய விதையையும் போடுவார். ரொனால்டு ஃபிஷர் குலுக்கல் முறைச் சோதனையை உருவாக்கியதும் மருத்துவமனையில் அல்ல, இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வுப் பண்ணையில்தான்.

ஒப்பீடு இல்லாத எண்ணும், சரிபார்க்காத சூத்திரமும் மேல்நாட்டிலும் ஏமாற்றியிருக்கின்றன. ஒரு தம்பதி பேசிக்கொள்வதைச் சற்று நேரம் பார்த்தே அவர்கள் பிரிவார்களா என்று 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொல்லலாம் என்று ஜான் காட்மனின் பெயரோடு உலவும் கூற்றைத் தமிழ் யூடியூபில்கூடக் கேட்கலாம். ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்மித் ஸ்லெப்பும் 2001இல் அத்தகைய கணிப்புகளின் பலவீனத்தைக் காட்டினார்கள். ஒரு தொகுதித் தம்பதியரிடமிருந்து சூத்திரத்தை உருவாக்கி, அதே தொகுதியில் சோதித்தால் பிரமாதமாகப் பொருந்தும். வேறு தொகுதியில் போட்டால், பிரிவார்கள் என்று அது காட்டியவர்களில் பெரும்பாலோர் பிரியவில்லை. குழந்தை பிறந்த பிறகு ஜாதகம் கணித்து, பிறந்ததைச் சரியாகச் சொல்லிவிட்டதாகப் பெருமைப்படுவதற்கு இது ஒப்பானது.

எதை எண்ணலாம்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1950களிலிருந்தே மனநோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறையை நடத்திவருகிறது. அதே காலத்தில் அமிர்தசரஸில் வித்யாசாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து உறவினரைத் தங்கவைத்தார். இந்தியாவில் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் சிகிச்சை இறக்குமதியால் மட்டும் வந்ததல்ல. குறைவாக இருப்பது பின்தொடர்ந்து பார்ப்பது.

மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும். சமரசம் என்றால் இருவரிடமும் எழுதி வாங்கி மனுவை முடிப்பார்கள். அங்கே தொடங்கலாம். முடித்த மனுக்களில் ஒரு பகுதியைக் குலுக்கி எடுத்து, ஒரு வருடம் கழித்து, அதே தமிழ் மாதத்தில், பெண்ணை மட்டும் தனியாக, பிறந்த வீட்டிலோ அவள் சொல்லும் வேறு இடத்திலோ பார்த்துக் கேட்கலாம். அடி நின்றதா? தூங்க முடிகிறதா? அடகு வைத்த நகை யார் பெயரில் திரும்பி வந்தது? வேண்டுமென்றால் போக ஓர் இடம் இருக்கிறதா? சேர்ந்து இருக்கிறார்களா என்பது ஐந்தாவது கேள்வியாக வரட்டும். பிரிந்துபோய், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் பெண்ணையும் தேடிப்போய்க் கேட்கவேண்டும். இன்றைய கணக்கில் அவள் தோல்வி என்ற பத்தியில் இருக்கிறாள்.